பன்னிரண்டாவது ஆரோ

கழுத்து, தோள், கைக்குழி, கைமடி, சைடு, பாட்டம், பிறகு திருப்பிப் போட்டு உள்பக்கம். இந்த வரிசை கருணாம்பாளின் கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியும். அதனால் மனசுக்கு இங்கே வேலை கிடையாது. அது தன் பாட்டுக்கு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே இரண்டு டியூப் லைட், எதிரே வெள்ளை மேஜை, இடப்பக்கம் பார்க்காத பனியன், வலப்பக்கம் பார்த்த பனியன், காலடியில் சிவப்புக் கூடை. தையலில் குறை இருந்தால் அந்த இடத்தைக் காட்டி நகத்தளவு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிக் கூடையில் போட வேண்டும். கம்பெனியில் அதற்கு ஆரோ என்று பெயர். இருபத்து நாலு வருஷமாக ஆரோ ஒட்டுகிறாள். திருப்பூரில் மூன்று பனியன் கம்பெனி மாறியும் அந்த வேலை மட்டும் மாறவில்லை. சுவரில் மணி இரண்டு ஐந்து. மூன்று மணிக்கு மேல்மாடியில் பெனிட்டா மிஸ் இங்கிலீஷ் பரீட்சை வைக்கிறார். அதில் தேறிவிட்டால் அடுத்த மாசத்திலிருந்து கருணாம்பாள் இந்த மேஜையை விட்டு எழுந்து, கழுத்தில் பச்சை நாடா போட்டுக்கொண்டு, துணி வாங்க வருகிற வெளிநாட்டு பையரின் பக்கத்தில் நடந்து வேலை நடக்கிற ஃப்ளோரைச் சுற்றிக் காட்டுகிற, தரத்துக்குப் பொறுப்பான கியூசி ஆகிவிடுவாள். தேறுவது இருக்கட்டும், போவதா வேண்டாமா என்பதே இன்னும் முடிவாகவில்லை. போகாமல் விட்டால் யாருக்கு என்ன? கழுத்து, தோள். போய், அதனால் கட்டிக்கொண்ட மனுஷன் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டால்? கைக்குழி, கைமடி. கைமடியில் ஒரு தையல் விட்டிருந்தது. ஸ்கிப் ஸ்டிட்ச் என்று உதடு தானாகச் சொன்னது. ஆரோவை ஒட்டிக் கூடையில் போட்டாள்.

அவளிடம் இங்கிலீஷே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தது, ஆனால் எல்லாம் குறை சொல்கிற இங்கிலீஷ். ஹோல், ஆயில் ஸ்டெயின், ஓபன் சீம், ஷேட் வேரியேஷன், பக்கரிங். ஒரு பனியனில் என்னென்ன கெட்டுப்போகுமோ அத்தனைக்கும் அவளிடம் வார்த்தை உண்டு. நல்ல பனியனுக்கு ஒன்றும் கிடையாது, ஏனென்றால் நல்ல பனியனைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை; அது பேசாமல் வலப்பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். மூன்று மாசத்துக்கு முன்னால் மேனேஜர் வந்து, செக்கிங்கில் யாருக்காவது வேலைக்கு வேண்டிய இங்கிலீஷ் வந்துவிட்டால் வெளியிலிருந்து கியூசி எடுக்க வேண்டியதில்லை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் வகுப்பு என்றபோது ஏழு பெண்கள் பேர் கொடுத்தார்கள். ஒருத்திக்குத் தூக்கம் வந்தது, ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது, ஒருத்திக்கு மாமியார் வந்தாள்; கடைசியில் கருணாம்பாள் ஒருத்திதான் மிஞ்சினாள். பரீட்சை என்றால் எழுதுவதில்லை. பையர் ஃப்ளோருக்கு வந்ததும் முதலில் கேட்பது இந்த வேலையைச் செய்கிறது யார் என்பதுதானாம். ஆகவே யாராவது ஒரு தொழிலாளியைக் கையோடு கூட்டிப்போய் நிறுத்தி, இவர் பேர் என்ன, என்ன வேலை, எப்படிப்பட்ட ஆள் என்று இரண்டு நிமிஷம் சொல்ல வேண்டும். பக்கத்து மேஜை தனபாக்கியத்திடம் சொல்லிவைத்திருந்தாள். தனம் அதற்காகக் காலையிலேயே கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள், என்னவோ அவளைப் பெண் பார்க்க வருவதுபோல. போன வாரம் ஒத்திகையில் தனத்தை நிறுத்திவைத்து, ஷீ இஸ் தனபாக்கியம், ஷீ இஸ் செக்கர், ஷீ ஹாஸ் நோ டேமேஜ் என்று சொன்னதும் மிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, மனுஷங்களைப் பத்திச் சொல்றப்போ அவங்ககிட்ட இல்லாததைச் சொல்லாதீங்க, இருக்கிறதைச் சொல்லுங்க" என்றார். இருக்கிறதைச் சொல்ல வார்த்தைக்கு எங்கே போவது?

"ஏக்கா," என்றாள் தனம், மேஜையை விட்டுக் கண்ணெடுக்காமல், "என்னையக் கூட்டிட்டுப் போறதுக்கு உங்க ஊட்டுக்காரரையே கூட்டிட்டுப் போலாமுல்ல? கீழதானே உக்காந்திருக்கறாரு."

"அவரா? மேனேஜர் முன்னால ரெண்டு நிமிஷம் நின்னா வேர்த்து ஊத்திப்போடும் அவருக்கு" என்று சிரித்துவைத்தாள் கருணாம்பாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. தனம் பார்த்தாளா என்று பார்த்தாள், பார்க்கவில்லை.

ஊட்டுக்காரர் என்றால் நாச்சிமுத்து. இதே கம்பெனியில் கீழே தையல் ஹாலின் கடைசியில், தனி மெஷினில் உட்கார்ந்திருக்கிற ஆல்டர் டைலர். மாடியில் செக்கர்கள் ஆரோ ஒட்டிப் போடுகிற பனியன் எல்லாம் கூடை கூடையாக அவரிடம்தான் இறங்கும். ஆரோ எங்கே காட்டுகிறதோ அங்கே பிரிப்பார், தைப்பார், சரியான பிறகு ஆரோவை உரித்து மெஷினுக்கு மேலே தொங்குகிற விளக்குத் தகட்டில் வரிசையாக ஒட்டிவிட்டுப் பீஸைத் திருப்பி அனுப்புவார். சரியாகாத வரை ஆரோவை உரிக்கக் கூடாது. ஆரோவோடு ஒரு பீஸ் பேக்கிங்குக்குப் போகவும் கூடாது. இதுதான் சட்டம். எதற்கு ஒட்டினாய், எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று மேஜைக்கே வந்து சண்டை பிடிக்கிற டைலர்களை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். நாச்சிமுத்து ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காதது மட்டுமா, பேசுவதே அப்படித்தான். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்று மகள் கேலி செய்வாள். மகள் கல்யாணமாகிப் பல்லடம் போன பிறகு அந்தப் பத்தும் எட்டாகிவிட்டது. அந்த எட்டும், இந்த ஒன்பது நாளாக, சாப்பாடு போடட்டுமா, போடு, போதுமா, போதும் என்று சுருங்கிப்போயிருந்தது. ராத்திரியானால் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் வாசல் நடையில் படுத்துக்கொள்கிறார். காற்று நல்லா வருதாம். இருபத்திரண்டு வருஷமாக வராத காற்று. சைடு, பாட்டம். அவள் இங்கிலீஷ் படிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. வேறென்ன? பெண்டாட்டி பச்சை நாடா போட்டுக்கொண்டு பையரோடு நடந்து வருவாள், இவர் மெஷினில் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். எந்த ஆணுக்குத்தான் பிடிக்கும்? பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. ஒரு வார்த்தை, வேண்டாம் புள்ளே என்று சொல்லட்டும், அவள் மேல்மாடிப் படியில் காலே வைக்கமாட்டாள்.

அப்படிப் பார்த்தால் ஆரோ விஷயத்திலேயே அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். புத்தி அப்போது எங்கே போயிருந்ததோ. வகுப்பில் மிஸ் சொன்னது இதுதான்: வார்த்தையை நோட்டில் எழுதி வைத்தால் அது நோட்டில்தான் இருக்கும், வாய்க்கு வராது, கண்ணில் படுகிற பொருளில் எல்லாம் ஒரு அடையாளம் வையுங்கள், அதைப் பார்த்தவுடன் அதைப் பற்றி ஒரு வாக்கியம் வாயில் வர வேண்டும். அடையாளத்துக்கு அவளிடம் என்ன பஞ்சம்? சிவப்பு பனியன் ஆர்டர் ஓடியபோது சிவப்பு ஆரோ கண்ணுக்குத் தெரியாதென்று மஞ்சள் ஆரோ வாங்கியிருந்தார்கள். ஆர்டர் முடிந்து மிஞ்சின ஒரு அட்டையைச் சூப்பர்வைசரிடம் கேட்டே வாங்கிக்கொண்டு போனாள். வேலைக்கு வேண்டிய வார்த்தைகளை வீட்டில் எப்படிப் பழகுவது? வீட்டையே கம்பெனி ஆக்கிவிட்டாள். ஒரு ரூம், ஒரு சமையலறை உள்ள லைன் வீடு அது. தண்ணீர்க் குழாய், வாட்டர் பாயிண்ட். வாசல் கதவு, எமர்ஜென்சி எக்ஸிட். ஃபேன், வென்டிலேஷன். சமையல் சாமான் அலமாரி, ஸ்டோரேஜ் ஏரியா. ஸ்விட்ச் போர்டு, பேனல். அவள் உட்கார்ந்து காய் நறுக்குகிற ஸ்டூல், வொர்க் ஸ்டேஷன். முகம் பார்க்கிற கண்ணாடி, இன்ஸ்பெக்ஷன். மருந்து டப்பா, ஃபர்ஸ்ட் எய்டு. ஜன்னல், லைட்டிங். சாமி படத்துக்கு என்ன போடுவது என்று ரொம்ப நேரம் யோசித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, டாப் மேனேஜ்மென்ட் என்று வைத்தாள். எல்லாவற்றிலும் ஒவ்வொரு மஞ்சள் ஆரோ. காலையில் அரிசி களையும்போது பக்கத்தில் பையர் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். திஸ் இஸ் அவர் வாட்டர் பாயிண்ட், சார். ப்ளீஸ் கம் திஸ் வே, சார், திஸ் இஸ் எமர்ஜென்சி எக்ஸிட். அரிசி வடிகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது. அந்தப் பையரும் நல்ல மனுஷன், தப்பாகச் சொன்னாலும் தலையாட்டுவார்.

ஆனால் ஒட்டின ஆரோ ஒன்றாவது நின்றதா? இன்றைக்கு ஒட்டினால் நாளைக்கோ நாளை மறுநாளோ இருக்காது. முதலில் பசை சரியில்லை என்றுதான் நினைத்தாள். குழாயில் ஒட்டினது ஈரத்தில் போயிருக்கும், சரி, இன்னொன்று ஒட்டினாள், அதுவும் போயிற்று. ஃபேனில் ஒட்டினது காற்றில் போயிருக்கும். சாமி படத்தில் ஒட்டினது? அங்கே ஈரமா, காற்றா? பிறகு ஒரு நாள் சாயங்காலம் அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று நகத்தால் ஆரோவை மெள்ள உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டாள். பார்த்தாள், கேட்கவில்லை. இங்கிலீஷைக் கண்டால் இந்த மனுஷனுக்கு அவ்வளவு ஆகாதா, உரித்து எறிகிற அளவுக்கா? எறியக்கூட இல்லை, பையில் போட்டுக்கொண்டார். அது ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை, இப்போதும் யோசிக்க நேரமில்லை, மணி இரண்டு இருபத்தைந்து. கழுத்து, தோள். ரோஷத்துக்கு ஒரு வாரம் எதிலும் ஒட்டாமல் இருந்தாள். அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அந்த ஞாயிறு மதியம் கறிக்குழம்பு. சாப்பிட்டுவிட்டு அவர் கவிழ்ந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தேங்காய் துருவுகிற மாதிரி குறட்டை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினாள். அன்றைய வார்த்தை மேன்பவர். ஒரு இடத்தில் வேலைக்கு எத்தனை பேர் என்று பையர் கேட்டால், டோட்டல் மேன்பவர் இவ்வளவு என்று சொல்ல வேண்டும். இந்த வீட்டில் எத்தனை? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டோட்டல் மேன்பவர் டூ, சார். ஒன் இஸ் ஸ்லீப்பிங், சார். அட்டையில் மிச்சமிருந்த ஒரு ஆரோவை எடுத்து அவர் பனியன் முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவே ஒட்டினாள். அவர் அசையவில்லை. அந்த அகலமான முதுகைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. குனிந்தே தைத்துத் தைத்து கழுத்துக்குக் கீழே லேசாகக் கூன் விழுந்த முதுகு. இந்த வீட்டின் மேன்பவரில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது என்று நினைத்தாள். பிறகு பக்கத்து வீட்டு அம்மா மாவு கேட்டு வந்தது, எழுந்து போனாள், ஆரோவை மறந்தே போனாள். உள்பக்கம் திருப்பு. லேபிள் கோணல்.

மறுநாளிலிருந்துதான் எல்லாம். வாரத்துக்கு ஒருமுறை சவரம் செய்கிற மனுஷன் திங்கட்கிழமை காலையில் செய்தார், செவ்வாய்க்கிழமையும் செய்தார். ஐம்பது வயசில் தினம் சவரம் செய்கிறவரைப் பார்த்து வேறொருத்தியாக இருந்தால் என்னென்னவோ சந்தேகப்பட்டிருப்பாள். கருணாம்பாளுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை; வந்திருந்தால் சிரித்திருப்பாள். வந்தது வேறு பயம். புதன்கிழமை சட்டை துவைக்கும்போது பையில் புகையிலைப் பொட்டலம் இல்லை. வியாழக்கிழமையும் இல்லை. அவள் கையைக் காலைப் பிடித்துக் கெஞ்சியும், மகள் அழுதும் விடாத புகையிலை, யாரும் ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டது. அவள் பெரியண்ணன் அப்படித்தான் திடீரென்று விட்டான். டாக்டர் வாயைத் திறந்து பார்த்த அன்றைக்கு விட்டான். விட்ட ஐந்தாம் மாசம் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை சட்டையோடு சேர்ந்து நனைந்துபோன ஒரு சீட்டு பையிலிருந்து வந்தது; ஏதோ ஆஸ்பத்திரி முத்திரை, டோக்கன் இருபத்தேழு, மற்றதெல்லாம் மை கரைந்து போயிருந்தது. அதை வெயிலில் உலர்த்தி, திருப்பித் திருப்பிப் பார்த்து, அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். வாயில் ஏதாவது கட்டியா? சொன்னால் இவள் பரீட்சை கெட்டுவிடும் என்று மறைக்கிறாரா? அதனால்தான் வாயையே திறப்பதில்லையா, அதனால்தான் நடையில் போய்ப் படுக்கிறாரா? பிடிக்காமல்தான் பேசவில்லை என்றால் தேவலை. சாமி, கோபமாகவே இருக்கட்டும். அவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், என் இங்கிலீஷைப் பிடிக்காமல் மட்டும் இருக்கட்டும். கை எப்போது நின்றது என்று தெரியவில்லை. கையிலிருந்த பனியனின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுத்துத் தையலுக்குக் குறுக்கே மெல்லிய கோடு. ஓபன் சீம். ஒட்டுவதற்கு ஆரோவைக் கையில் எடுத்துவிட்டாள். விளக்குக்கு நேராகப் பிடித்து ஊதினாள், கோடு பறந்துபோயிற்று. அவளுடைய தலைமுடிதான். அந்தக் கலக்கத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் அவர்களுடைய கல்யாணமே ஒரு தலைமுடியில்தான் ஆரம்பித்தது. அப்போது வேறு கம்பெனி, நாச்சிமுத்து லைனில் டைலர். அவர் தைத்த பனியனில் அவள் முடி விழுந்து கிடந்ததைத் தையல் விட்டிருக்கிறதென்று நினைத்து ஆரோ ஒட்டி அனுப்பிவிட்டாள். அரைமணி கழித்து, பிரித்துப் புதிதாகத் தைத்த பீஸை அவரே கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "ஆச்சுங்க" என்றார், அவ்வளவுதான். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்துத்தான் அவள் கேட்டாள், அது முடிதான் என்று உங்களுக்குத் தெரியவில்லையா என்று. "தெரியும். பிரிச்சுத் தச்சாத்தானே இன்னொருக்கா உன்ற டேபிளுக்கு வரலாம்" என்றார். அன்றைக்குப் பத்தாவது வாக்கியமாக அதைச் சொல்லியிருப்பார். அவள் ஆரோ ஒட்டினால் அந்த மனுஷன் ஏன் என்று கேட்கமாட்டார், முடியாக இருந்தாலும் பிரித்துத் தைப்பார், அப்படிப்பட்டவர் வீட்டில் ஒட்டின ஆரோவை மட்டும் ஏன்... அந்த இடத்தில் யோசனை எதிலோ மாட்டிக்கொண்டு நின்றது. குழாய். வாட்டர் பாயிண்ட் இப்போது சொட்டுவதில்லை. மூன்று வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய். போன மாசம் பளபளவென்று புதுக்குழாய் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, வாடகை கொடுக்கப் போனபோது வீட்டு ஓனர் அம்மாவிடம், குழாய் மாற்றிக் கொடுத்தீர்களே, ரொம்ப நன்றி என்று சொன்னாள். அந்த அம்மா, "நானெங்கே மாத்தினேன்?" என்று விழித்தது. விழிக்கட்டும், அதற்கு மறதி என்று வந்துவிட்டாள். வாசல் கதவு? மழைக்கு உப்பித் தரையில் உரசும், தோளால் முட்டித்தான் திறக்க வேண்டும். கடைசியாக எப்போது முட்டினாள்? ஸ்டூல் ஆடுகிறதா? காலுக்கு மடித்து வைத்த அட்டை எங்கே?

மணி இரண்டு நாற்பது. "தனம், சித்த இரு, வந்துடறேன்" என்று எழுந்தாள். நான் பரீட்சைக்குப் போகவில்லை, உங்கள் உடம்புக்கு என்ன, அதைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் படியிறங்கினாள். கீழே தையல் ஹாலில் இருநூறு மெஷின் சத்தம். செக்கிங் மாடிக்கு மாறிய பிறகு அவள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. கூடைதான் வரும், போகும். கடைசி வரிசை தாண்டி, தூணுக்குப் பின்னால், குனிந்த அந்த முதுகு தெரிந்தது. மழமழவென்று சவரம் செய்த கன்னம். பக்கத்தில் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்து, மெஷினிலிருந்து காலை எடுத்தார்.

"என்ன புள்ளே, பீஸ் எதாச்சும் திரும்பிருச்சா?"

அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகடு முழுக்கச் சிவப்பு ஆரோ, நெருக்கமாக, நாள் முழுக்கச் செய்த வேலை. அவர் பக்கமாக இருந்த ஓரத்தில் தனியாக ஒரு வரிசை, இடைவெளி விட்டு, நேராக. எல்லாம் மஞ்சள்.

"இதெல்லாம் நம்மூட்டு ஆரோவுங்களா?"

"ஆமா. முடிஞ்சதை மெஷின்லதானே ஒட்டோணும்? கம்பெனியோடதுல கலந்துறக் கூடாதுன்னு ஒதுக்கி ஒட்டியிருக்கறேன்." ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனார். "கதவு, அடியில இழைச்சாச்சு. ஃபேன், ரப்பர் போட்டாச்சு. குழாய் ரெண்டு தடவை வந்துச்சு. வாஷர் மாத்துனது உனக்குத் திருப்தியில்லையாட்டம் இருக்குதுன்னு புதுசே வாங்கிப் போட்டுட்டேன். மருந்து டப்பாவுல ஒண்ணுமே இல்லை, பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்கி வெச்சாச்சு." ஒரு ஆரோவின் மேல் விரல் நின்றது. "சாமி படத்துலதான் என்னன்னு எனக்குப் புரியலை. கழட்டிப் பாத்தேன், கண்ணாடிக்குள்ள ஒரு பூச்சி செத்துக் கெடந்துச்சு. அதுதானே?"

கருணாம்பாள் தலையாட்டினாள். அதுதான் என்றாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, இரண்டையும் முந்தானையால் அழுத்திக்கொண்டாள். மனசுக்குள் எண்ணினாள். பதினொன்று.

"பன்னண்டு ஒட்டுனேனுங்க. இதுல ஒண்ணு கொறையுது."

அவர் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையை எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்தில், போட்டோவுக்கு நேர் பின்னால், அந்த மஞ்சள் ஆரோ இருந்தது.

"அது இன்னும் முடியலை" என்றார்.

மெஷின் சத்தத்தில் தனக்குத்தான் தப்பாகக் கேட்டதோ என்று அவள் குனிந்தாள். அவர் ஊசியைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார், ஒன்பது நாளில் பேசாததை எல்லாம் சேர்த்துவைத்ததுபோல. "முதுகுல ஒட்டியிருந்தே. முனை மேல பாத்து இருந்துச்சு. கழுத்தா, வாயா, தலையான்னு தெரியலை. செரின்னு ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வாரேன். தாடி முடிஞ்சுது. பொகையில முடிஞ்சுது. வாய்தானோன்னு பேச்சையும் கொறைச்சுப் பாத்தேன். பல்லெல்லாம் கறையா இருந்துச்சு, பல்லு ஆஸ்பத்திரிக்குப் போயி டோக்கன் வாங்கி உக்காந்து சுத்தம் பண்ணியாச்சு. கொறட்டைதான் கைக்கு அடங்க மாட்டேங்குது. அதுக்குத்தான் நடையில படுத்துக்கறேன். நாளைக்கு நீ பெரிய ஆளுகளோட நடந்து வாரப்போ, இவரு ஆருன்னு அவங்க கேட்டா, நீ சொல்றாப்பல இருக்கோணுமில்ல?"

"என்னைய ஒரு வார்த்தை எதுக்குன்னு கேட்டிருக்கலாமுல்லீங்களா?"

"செக்கர்கிட்ட நான் எப்பக் கேட்டிருக்கறேன்?"

இந்த மனுஷனை என்ன செய்வது? டோக்கன் இருபத்தேழு பல்லுக்கு. அரிசி டப்பாவில் அதை வைத்துக்கொண்டு ஐந்து நாளாக அவள் தின்ற சோறு எதுவும் உள்ளே இறங்கவில்லை. இருநூறு பேர் தைக்கிற ஹாலாக இல்லாவிட்டால் அந்தக் கூன் முதுகைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். அழாமல், விளக்குத் தகட்டையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க, மூன்று மாசமாக வாய்க்கு வராமல் படுத்தியது ஒவ்வொன்றாகத் தானே வந்தது. ஹி ரிப்பேர்டு வாட்டர் பாயிண்ட். டூ டைம்ஸ். ஹி ரிப்பேர்டு எமர்ஜென்சி எக்ஸிட். ஹி ரிப்பேர்டு வென்டிலேஷன். ஹி ஃபில்டு ஃபர்ஸ்ட் எய்டு. ஹி க்ளீன்டு டாப் மேனேஜ்மென்ட். ஹி நெவர் ஆஸ்க் வொய். இல்லாததைச் சொல்லாதீர்கள், இருக்கிறதைச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷம் போதாது இதற்கு. மிஸ்ஸிடம் இன்னும் ஒரு நிமிஷம் கேட்டு வாங்க வேண்டும். தனத்துக்குக் கனகாம்பரம் வீணாகிவிடும், சாயங்காலம் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம்.

"எந்திரிங்க" என்றாள். "மேல போலாம். பரீட்சைக்கு உங்களைத்தான் காட்டப்போறேன்."

நாச்சிமுத்துவுக்கு அந்த இடத்திலேயே வேர்த்துவிட்டது. "என்னையவா? வேண்டாம் புள்ளே. இன்னும் முடியலைங்கறேன், ஆரோவோட பீஸை மேல கொண்டு போலாமா?" என்று அட்டையைக் கையால் மூடிக்கொண்டார். அவள் அந்தக் கையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அட்டையைத் திருப்பி, ஆரோவின் ஓரத்தில் நகத்தை விட்டாள். அவர் பதறிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"லைட்டுல வெச்சு ஒழுங்காப் பாக்காம எடுக்காதே."

"இருபத்திரண்டு வருஷமாப் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்" என்றாள் கருணாம்பாள்.

உரித்த ஆரோவை மஞ்சள் வரிசையின் கடைசியில், பன்னிரண்டாவதாக ஒட்டி, விரலால் அழுத்திவிட்டாள். அவர் மெஷினை அணைத்துவிட்டு எழுந்தார்.